கலையாத கொண்டை

பின்கதவைப் பூட்டிச் சாவியை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள் மெர்ல்.

"காத்து உள்ள வந்தா சுருள் விழுந்துடும். ஆடாம உக்காரு லூசி."

சமையலறை நாற்காலியில், வீட்டு அங்கியோடு லூசில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முந்தின இரவே தலைமுடியை ரோலர்களில் சுற்றி, மேலே ஒரு நைலான் காலுறையை இழுத்து மாட்டித் தூங்க வைத்திருந்தாள் அம்மா மெர்ல். அதன் விளிம்பு நெற்றியில் பதித்த கோடு இன்னும் மறையவில்லை.

உள்கதவை ஒட்டி முக்காலி போட்டிருந்தாள் சார்மெய்ன், மாப்பிள்ளை கிளென்டனின் தங்கை. இரண்டு வாரமாகப் பொழுது சாய்ந்தால் கிளென்டனின் கார் இந்த வாசலை விட்டு நகர்ந்ததில்லை. சர்ச்சுக்கு முன்னால் மணப்பெண்ணைப் பார்த்தால் ஆகாது என்பதால் இன்று மட்டும் அவன் வரவில்லை. தன் கண்ணுக்குப் பதிலாகத் தங்கையை அனுப்பியிருந்தான்.

தெருவில் மடக்கு நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. மணப்பெண் வீட்டுப் படி இறங்குவதைப் பார்க்காமல் இந்தக் கேப் ஃபிளாட்ஸ் பகுதியில் எந்தத் தெருவும் சனிக்கிழமை சோறு தின்னாது.

அந்தத் தெருவின் பாதி மணப்பெண்களுக்கு இதே நாற்காலியில்தான் அம்மா தலை சீவினாள். ஊசி எடுத்துக் கொடுப்பது சிறுமி லூசிலின் வேலை. கல்யாண முக்காட்டில் தைத்திருக்கும் சீப்பு கடித்து நிற்க உச்சியில் முதலில் ஒரு குட்டிச் சடை, பிறகுதான் மற்றதெல்லாம். அந்தப் பெண்கள் கண்ணாடியில் தங்களையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். இன்று மேஜையில் கண்ணாடி இல்லை. லூசிலும் கேட்கவில்லை.

மெர்ல் பிடரியிலிருந்து தொடங்கினாள். ஒரு கற்றையைச் சுருட்டி, விரலால் அழுத்தி, கொண்டை ஊசிகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகினாள். ஒவ்வொன்றும் மண்டையைத் தொட்ட பிறகுதான் நின்றது. தன்னை இந்த நாற்காலியோடு சேர்த்து அறைவதாகவே லூசிலுக்குத் தோன்றியது.

இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று போன வாரமே அம்மாவிடம் சொல்லிவிட்டாள். சட்டைக் கையை மேலேற்றி, கிளென்டனின் விரல்கள் பதிந்திருந்த நான்கு நீலத் தடங்களையும் காட்டினாள். அம்மா சமூசா மடித்துக்கொண்டிருந்தாள். பார்த்தாள். ஓரத்தை நீர் தொட்டு ஒட்டினாள், அடுத்ததை எடுத்தாள். மறுநாள் காலையில் கல்யாண உடைக்கு மணிக்கட்டு வரை கை தைக்கப்பட்டிருந்தது. அவன் பிடித்த இடத்தைவிட, அந்தத் தையல்தான் லூசிலுக்கு அதிகம் வலித்தது. அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

சார்மெய்ன் கொட்டாவி விட்டாள். "இத்தனை ஊசியா ஆன்ட்டி? ராத்திரி எங்க அண்ணன் உக்காந்து ஒவ்வொண்ணா பிடுங்கணுமே."

"அந்தக் கஷ்டத்தை உங்க அண்ணனுக்குக் குடுப்பேனா? தென்கிழக்குக் காத்து எப்படி அடிக்குது பாரு. ரெண்டு ஊசி கொறைஞ்சாலும் வாசல் தாண்டுறதுக்குள்ள காக்காக் கூடுதான்."

சார்மெய்ன் சிரித்தாள். லூசிலின் கண் நிறைந்தது. மெர்ல் அவள் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"அழாத. எதையும் மறைக்கத் தெரியாத மூஞ்சிடீ உனக்கு. அதான் உன்னோட தொல்லை."

பின்சந்தில் ஒரு வண்டி உறுமியது. பிரியாணி அண்டாவை ஏற்ற மெர்லின் தம்பி ஐவன் வந்து வெகுநேரமாகிறது. இன்னுமா ஏற்றவில்லை என்று சார்மெய்ன் கேட்டாள். அவன் எப்போதுமே ஆற அமரச் செய்கிறவன் என்றாள் மெர்ல்.

கடைசிச் சுருளும் ஏறியது. மெர்ல் ஸ்பிரேயை எடுத்து அடித்தாள். புகைமூட்டத்துக்குள் லூசில் மூச்சை அடக்கிக்கொண்டாள். பிறகு மெர்ல், எதிர்வீட்டு டோரீன் ஆன்ட்டி முக்காட்டை இஸ்திரி போட்டு வைத்திருப்பதாகவும், மாப்பிள்ளை வீட்டுக் கை நேரில் வந்து வாங்கினால்தான் கொடுப்பாள் என்றும் சார்மெய்னிடம் சொன்னாள்.

சார்மெய்ன் பூட்டிய பின்கதவைப் பார்த்தாள். லூசிலைப் பார்த்தாள். பிறகு எழுந்து போனாள். முன்வாசலில் தெருவின் ஆரவாரம் ஒரு கணம் உள்ளே வந்து அடங்கியது.

அன்று முதன்முறையாக லூசில் தன் தலையைத் தொட்டாள். பிடரியிலிருந்து நெற்றி வரை இறுகிய சுருள்கள், கூழாங்கற்களைப் போல. உச்சியில் தடவினாள். சடை இல்லை. சீப்பின் ஒரு பல் நுழையக்கூட இடைவெளி இல்லை. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் மறக்காத அம்மா, சொந்த மகளுக்கு மறந்துவிட்டாள். கோபத்துக்குப் பதில் ஒரு பரிதாபம் வந்தது, அதுவும் அம்மாவின் மேல்.

"அம்மா, முக்காட்டுக்கு இடமே விடலையே."

மெர்ல் முன்வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். உள்கதவுக்குத் தாழ் போட்டாள். ஏப்ரன் பையிலிருந்து சாவியை எடுத்துப் பின்கதவைத் திறந்தாள். காற்று மேஜைமேலிருந்த காகிதங்களைச் சுழற்றி எறிந்தது. லூசிலின் தலையில் ஒரு முடி அசையவில்லை.

சந்தில் ஐவன் மாமா வண்டியின் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றிருந்தார். இருக்கையில் லூசிலின் பை இருந்தது.

மெர்ல் குனிந்து, மகளின் அங்கியில் கழன்றிருந்த மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

"ஓடு லூசி, கலையாது."