சுவரின் மேல் பாதி

கைக்குட்டையை வாயருகே பிடித்துக்கொண்டேதான் அவள் அந்தக் கூடத்துக்குள் நுழைந்தாள்.

ஜலதோஷம் ஒன்றும் இல்லை. சிரிப்பு வந்தால் அமுக்கிக்கொள்ளத்தான்.

அவள் சிரிப்பு அப்படி. பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பது அவள் வேலை. கீழே ஆய்வகத்தில் அவள் சிரித்தால் மாடியிலிருக்கும் பல் டாக்டர் என்ன ஏதென்று எட்டிப் பார்ப்பார்.

மகள் எட்டாவது படிக்கும்போது, பள்ளி நாடகத்தில் அவள் சிரித்த சிரிப்புக்கு அரங்கமே திரும்பியது. மேடையில் ராணியாக நின்ற மகளுக்கு வசனம் மறந்து, அழுகை வந்துவிட்டது.

அன்றிலிருந்து மகளின் விசேஷம் எதிலும் அவள் வாய்விட்டுச் சிரித்ததில்லை. இன்று மகளின் முதல் கண்காட்சி. இன்று போய் மானத்தை வாங்கலாமா?

"வாயை மூடிக்கிட்டு இருக்கணும், தெரியுதா?" என்று கூட வந்த நாத்தனார் வாசலிலேயே எச்சரித்திருந்தார்.

"சரிங்க அண்ணி."

மகளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல ஏதோ..." என்று இழுப்பாள். கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

இதுவும் ஒரு வெப்சைட்தானாம். போனில்கூடத் திறக்குமாம். இங்கே அதைச் சுவர் முழுக்க விரித்து, எதிரே ஒரு மைக் வைத்திருந்தார்கள். யார் என்ன சத்தம் போட்டாலும் சுவரில் ஒன்று முளைத்தது. கைதட்டினால் புதர். விசிலடித்தால் நெளிந்து ஏறும் கொடி. ஒரு குழந்தை வீறிட்டது. மஞ்சள் மஞ்சளாய்க் காளான்கள்.

எல்லாம் கீழ்ப் பாதியில்தான். மேல் பாதி கும்மிருட்டு. ஒருவர் தொண்டை கிழியக் கத்திப் பார்த்தார். குட்டை மரம் ஒன்று தலை நீட்டியதோடு சரி.

"என் பொண்ணு செஞ்சது" என்று பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத மனிதரிடம் சொன்னாள். அவர் நகர்ந்ததும், அந்த இடத்துக்கு வந்தவரிடம் சொன்னாள். மூன்றாவது ஆளிடம் திரும்பியபோது நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை.

"உஷ்ஷ்!"

சுவரில், சரியாக நாத்தனாரின் தலைக்கு மேலே, ஒரு சப்பாத்திக்கள்ளி முளைத்தது.

நாத்தனார் அதைப் பார்க்கவில்லை. அவள் தோள் குலுங்குவதைத்தான் பார்த்தார். "உஷ்! உஷ்ஷ்ஷ்!"

இன்னும் இரண்டு கள்ளி. கடைசியாக வந்தது கொஞ்சம் குண்டு.

கைக்குட்டையைக் கடித்தாள். மூச்சை அடக்கினாள். ராணி வேஷத்தில் அழுத அந்தச் சின்ன முகத்தை நினைத்துப் பார்த்தாள். எதுவும் பலிக்கவில்லை.

அடிவயிற்றிலிருந்து கிளம்பிய சிரிப்பு கூரையில் மோதித் திரும்பியது.

போச்சு, என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

பயந்து பயந்து கண்ணைத் திறந்தால், யாரும் அவளைப் பார்க்கவே இல்லை. எல்லாரும் அண்ணாந்து நின்றார்கள். நாத்தனார்கூட.

மேல் பாதி விடிந்துகொண்டிருந்தது.

இருட்டு ஓரத்திலிருந்து சிவந்து, ஆரஞ்சாகி, அதிலிருந்து பறவைகள் கூட்டம் கூட்டமாக எழுந்தன. அவளால் அடக்க முடியவில்லை, மறுபடி சிரித்தாள். சிரிப்பு ஏறினால் அவையும் ஏறின. அவள் மூச்சு வாங்க நிறுத்தினால், அவையும் சிறகு விரித்தபடி காத்திருந்தன.

கண்காட்சிப் பொறுப்பாளர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். பின்னாலேயே மகள்.

"அப்பாடா! மேல் பாதி ரிப்பேர் சரியாயிடுச்சா?"

"ரிப்பேர்னு நான் எப்ப சார் சொன்னேன்?" மகள் சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக வந்து அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டாள். "ஆள் வர லேட்டாயிடுச்சு, அவ்வளவுதான்."

பெரிய சிரிப்பு முடிந்ததும் அம்மாவுக்கு எப்போதும் வரும் ஒற்றை விக்கல் வந்தது.

அதற்கென்றே ஒரு குட்டிப் பறவை, கூட்டத்துக்குப் பிந்தி, தனியாகக் கிளம்பிப் பறந்தது.