பூ வைத்த கை

"ஏ மொக்கம்மா, தேனிக்காரக வந்துட்டாக! அண்ணனத் தொழுவத்துல விட்டுக் கதவச் சாத்து!"

இருளம்மாள் போட்ட சத்தம் ஜெயமங்கலம் முழுக்கக் கேட்டிருக்கும். பாவம், அவளுக்கு அவ்வளவு பதற்றம். போடிக்கு முதன்முதலாக ரயில் வந்த வருஷம் அது. மகளைப் பெண் பார்க்க வருவது இது ஐந்தாவது இடம். முன்பு வந்த நாலு பேரும் மூத்தவன் கருத்தக்கண்ணனைப் பார்த்ததும் தண்ணீர்ச் செம்பைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். எட்டு வருஷமாக அவனுக்குச் சித்தம் சரியில்லை. அவனைக் குளிப்பாட்டுவது, அவனுக்கு ஊட்டுவது, அவனிடம் அடி வாங்குவது எல்லாமே தங்கை மொக்கம்மாள்தான்.

ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை வரவில்லை. அவன் அம்மா சந்தனம்மாளும் சொந்தக்காரப் பெண்கள் நாலு பேரும் வந்து உட்கார்ந்தார்கள்.

"மாப்பிள்ள எப்படி?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள் இருளம்மாள்.

"சூதா, குடியா, ஒண்ணுங் கெடையாது. வீட்டு வாசலத் தாண்ட மாட்டான்."

வெற்றிலைத் தட்டை நீட்டிய நேரம் பார்த்துத் தொழுவத்துக் கதவு படாரென்று திறந்தது. கருத்தக்கண்ணன் ஓடிவந்து தட்டை எட்டி உதைத்தான். இருளம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மொக்கம்மாள் மட்டும் பதறவில்லை. "பசிக்குதாண்ணே? வா, இங்கன ஒக்காரு." பணியாரத்தைப் பிட்டு ஊட்டினாள். அவள் முகத்திலேயே துப்பினான். துடைத்துக்கொண்டு மறுபடி நீட்டினாள். தின்றான்.

சந்தனம்மாள் கண் கொட்டாமல் பார்த்தாள். "ஒனக்குக் கோவம் வல்லையா தாயி?"

"சொகமில்லாதவுகள்ட்ட என்ன கோவம் அத்தை?"

"பூவ எடுங்கடி!" சந்தனம்மாள் துள்ளி எழுந்தாள். தன் கையாலேயே மொக்கம்மாள் தலையில் மல்லிகையை வைத்தாள். "நக வேணாம், நட்டு வேணாம். வர்ற வெள்ளிக்கெழமையே கல்யாணம்!"

இருளம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்படிக்குள் மகளை இழுத்துப்போய்க் கட்டிக்கொண்டாள்.

"இனி அண்ணன யாரு பாத்துக்குவாக ஆத்தா?"

"நான் இருக்கேன்ல! நீயாச்சும் தப்பிச்சுப் போ."

மொக்கம்மாளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. இனி தன் வீடு, தன் புருஷன், பயமில்லாத தூக்கம். இத்தனை சந்தோஷப்பட அவளுக்கே வெட்கமாக இருந்தது.

பொழுது சாயும்முன் தேனிக்குத் திரும்பிய சந்தனம்மாள் கால்கூடக் கழுவவில்லை. நேரே பின்கட்டுக்கு ஓடிப் பூட்டைத் திறந்தாள். காலில் சங்கிலியோடு மூலையில் சுருண்டு கிடந்த ஒரே மகனின் தலையைத் தடவினாள்.

"எனக்குப் பெறகு ஒனக்கு யாரு சோறு ஊட்டுவாகன்னு தவிச்சுக் கெடந்தேனே ராசா, கெடச்சுட்டா! வெள்ளிக்கெழம ஒனக்குக் கல்யாணம்!"