புழு தொட்ட கை

"அங்கயே நில்லு. புழு தொட்ட கையோட அடுப்படிக்குள்ள வராத."

சமையலறைக்குள் வைத்த காலை மருமகள் பின்னால் எடுத்தாள்.

"சோப்பு போட்டு ரெண்டு தடவை கழுவிட்டேன் அத்தை."

"கையைக் கழுவலாம். என் மனசை எதைப் போட்டுக் கழுவுறது? வெந்நீர் வெச்சிருக்கேன். குளிச்சிட்டுப் போய்க் கூடத்துல உக்காரு."

ஊர்க் கொட்டகையில் அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதே பாட்டுதான்.

வீட்டுக்கு வீடு சேரும் காய்கறித் தோல், அழுகல், மிச்சம் மீதி எல்லாம் அந்தக் கொட்டகைக்கு வந்துவிடும். தட்டுகளில் கொட்டிப் பரப்பி, ஒரு வகை ஈயின் புழுக்களை அதில் விடுவார்கள். அவை தின்று தீர்த்தது போக மிஞ்சுவது வயலுக்கு எரு. கொழுத்த புழு கோழிக்கும் மீனுக்கும் தீனி. ஊர் முனையில் இருந்த குப்பைமேடு காணாமல் போனது இதனால்தான்.

மருமகளின் வேலை எருவையும் புழுவையும் சலித்துப் பிரிப்பது. காலையிலிருந்து நின்ற நிலையில். சம்பளத்தை மட்டும் வீட்டில் யாரும் கழுவி வாங்கிக்கொள்ளவில்லை.

வேலைக்குப் போன முதல் நாள், வழக்கம்போல அவள்தான் வந்து சமைத்தாள். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் மாமியார் ஆரம்பித்தார்.

"இன்னைக்கு எத்தனை புழு அள்ளின?"

"எண்ணலை அத்தை. கூடை கூடையா வந்துது."

"வெள்ளையா, கொழகொழன்னு இருக்குமோ?"

"ம்."

"நெளியுமோ?"

"நெளியும்."

"அந்தக் கையாலதான் இதையும் பண்ணியா?"

கணவன் தட்டை நகர்த்தினான். கொழுந்தன் எழுந்தே போய்விட்டான். மாமனார் மட்டும் வாயில் இருந்ததை என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

"நாளையிலேர்ந்து இவ அடுப்பைத் தொடக் கூடாது," என்றார் மாமியார்.

மூன்று ஆண்களும் ஒரே குரலில் சரி என்றார்கள். ஒரு விஷயத்தில் அவர்கள் ஒத்துப்போய் அந்த வீடு பார்த்ததில்லை.

"எனக்கு முட்டி வலி. ஒருத்தியால ஆகாது. ஆளுக்கொரு வேலை செஞ்சாதான் சாப்பாடு."

அன்றிலிருந்து மாமனார் காய் நறுக்குகிறார். கணவன் பாத்திரம் தேய்க்கிறான். கொழுந்தன் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறான். மாமியார் ஸ்டூலில் உட்கார்ந்து உப்பு எவ்வளவு என்று மட்டும் சொல்கிறார்.

மருமகள் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். தட்டு கைக்கே வரும். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழப் பார்த்து மறுபடி உட்காருவாள். ஏதோ ஒட்டுவியாதிக்காரியைப் போல ஒதுக்கி வைத்துவிட்டார்கள்.

"பெத்த பொண்ணா இருந்தா இப்படி ஒதுக்கி வெப்பாங்களா?" என்றாள் கொட்டகையில் அவளோடு கூடச் சலிக்கிறவள்.

மறுநாள் மருமகள் கொட்டகைத் தலைவியிடம் போய் நின்றாள்.

"அக்கா, நான் நின்னுக்கறேன். வேற ஆள் பாத்துக்கோங்க."

தலைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, அலமாரியிலிருந்து முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தாள்.

"புழுவைத் தொடக் கூச்சப்படறவங்களுக்குன்னு வாங்கினது. சும்மாதான் கிடக்கு. போட்டுக்க. அப்புறம் உங்க மாமியார் எந்தக் குத்தம் சொல்றாங்கன்னு பாப்போம்."

சாயங்காலம் அவள் அதைக் கையோடு வீட்டுக்கு எடுத்துப் போனாள். மாமியார் பின்பக்கம் தனியாகத் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, இனிமே புழு என் கையில படவே படாது. இதைப் போட்டுக்கிட்டுதான் வேலை செய்வேன். நாளையிலேர்ந்து நானே சமைச்சிடறேன்."

மாமியார் கையுறையைப் பார்த்தார். வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். மகன் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான். சட்டென்று கையுறையைப் பிடுங்கிச் சுருட்டித் துணிக்கு அடியில் செருகினார்.

"இதை உம் புருஷன் பாத்தானா?"

"இல்லை அத்தை."

"மாமா?"

"யாரும் பாக்கலை."

"நாளைக்கே கொண்டுபோய்க் குடுத்துடு. இல்ல, அங்கயே போட்டு அங்கயே கழட்டு. வீட்டுல மூச்சு விடாத."

"ஏன் அத்தை?"

மாமியார் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் இருபது வருஷம் சூளையில செங்கல் சுமந்துட்டு வந்து, இந்த வீட்டு ஆம்பளைங்களுக்கு ஆக்கிப் போட்டேன். செங்கல் தூக்கின கையைப் பாத்து ஒருத்தனுக்கும் குமட்டலை. எனக்குத்தான் ஒரு புழு அமையலை. உனக்கு அமைஞ்சிருக்கு, கெடுத்துக்காத."