மாதிரி வீடு பார்க்க வந்தவர்

இந்த ஞாயிற்றுக்கிழமையும் அந்த ஆள் வந்து இறங்கிவிட்டார்.

வேஷ்டியைத் தூக்கிப் பிடித்தபடி படகிலிருந்து இறங்கும் சுதர்ஷன் சாரைப் பார்த்ததுமே, வருகிறவர்களுக்கு இடத்தைச் சுற்றிக் காட்டும் செல்வலட்சுமிக்குக் கால் வலிக்க ஆரம்பித்தது.

கப்பற்படை காலி செய்துவிட்டுப் போன தீவு. புது நகரமே எழும்பப் போகிறது என்று ஊரெல்லாம் விளம்பரம். மட்டாஞ்சேரி படகுத்துறையிலிருந்து இலவசப் படகு, வருகிறவர்களுக்கு இலவசச் சாயா, பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி. எல்லாம் சரிதான், பாலம் இல்லாத தீவில் ஃப்ளாட் வாங்கத்தான் ஆளைக் காணோம்.

"மோளே, இது பண்டு எந்தாயிருந்நு?" போன வாரம் நின்ற அதே இடத்தில் நின்று, அது முன்பு என்னவாக இருந்தது என்று கேட்டார்.

"வெடிமருந்து கோடௌன் சார். இனி ஜிம் ஆகும்" என்றாள், தனக்குத் தெரிந்த மலையாளத்தில்.

அணிவகுப்பு மைதானம் நீச்சல் குளமாகும். சிப்பாய்கள் தங்கிய பாரக்ஸ் காபி ஷாப்பாகும். உச்சி வெயிலில் தீவு முழுக்கச் சுற்றிக் காட்டிவிட்டு மாதிரி வீட்டுக்குள் நுழைந்தபோது அவளுக்கு நாக்கு வறண்டிருந்தது.

அவர் சோபாவில் சாய்ந்து சாயா குடித்தார். இவள் பக்கத்திலேயே நின்று கோவில்பட்டியில் இருக்கும் அக்காவுக்கு ஃபோன் போட்டாள். இங்கே யாருக்குத் தமிழ் புரியப் போகிறது?

"ஆமாக்கா, அந்த ஓசிச் சாயாதான் மறுபடியும் வந்திருக்கு. வாங்குற மூஞ்சியா அது? கூசாம ரெண்டாவது பழம்பொரி எடுக்குது பாரு. இங்க என் பொழப்பு நாறுது. சாரத்துல இருந்து விழுந்து எங்க வீட்டுக்காரரு கால்ல கட்டோட கெடக்காரு. என் சம்பளத்துலதான் சோறு. அதுக்கும் வேட்டு வைக்கப் போறாங்க. இன்னைக்கு ஆள் கொறைக்காங்களாம்."

முகத்தில் மட்டும் விற்பனைச் சிரிப்பு கலையவில்லை. சுதர்ஷன் சாரும் பதிலுக்குச் சிரித்தார்.

ஃபோனை வைத்ததும் அது மறுபடி அடித்தது. காக்கநாட்டு ஆபீஸிலிருந்து மேனேஜர் மாதுரி.

மாதுரி படபடவென்று மலையாளத்தில் சொன்னது இதுதான்: இரண்டு பேரை நிறுத்தியாகிவிட்டது, ஆனால் அவள் இருக்கலாம். தீவைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களைக் கூப்பிட்டு, சுற்றிக் காட்டிய பெண் எப்படி என்று ஆபீஸில் கேட்பார்கள். சுதர்ஷன் என்று ஒருவர், ஒவ்வொரு முறையும் இவளைப் பற்றி ஒரே புகழ்ச்சி. இவ்வளவு பொறுமையும் மரியாதையும் உள்ள பெண்ணை அவர் பார்த்ததே இல்லையாம்.

செல்வலட்சுமி சோபாவில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தாள். பாவம், வெள்ளந்தி மனுஷன்! தான் பேசியது புரிந்திருந்தால் இப்படிச் சொல்லியிருப்பாரா? வெட்கம் பிடுங்கித் தின்றது.

படகுவரை கூடவே போனாள். "அடுத்த ஞாயறாழ்ச்சையும் வரணே சார்" என்றாள். முதல் முறையாக மனசாரக் கூப்பிட்டாள்.

படகில் ஒரு காலை வைத்தவர் திரும்பினார்.

"வராம இருப்பேனா?" என்றார். தமிழ்! பாலக்காட்டு வாசம் வீசும் தமிழ். "பொறந்ததுலேருந்து அக்கரையில நின்னுண்டு பாத்த தீவாக்கும் இது. கிட்ட வந்தா துப்பாக்கியத் தூக்குவா. ஃப்ளாட்டெல்லாம் வித்துத் தீர்ந்தா மறுபடியும் கேட்டைப் பூட்டிடுவா. நடுவுல இந்தக் கொஞ்ச நாள்தான் நாங்க இதுல கால் வெச்சு நடக்க முடியும்."

"சார்... நான் ஃபோன்ல அக்காகிட்ட..."

"ஆத்துக்காரருக்குக் கால் சீக்கிரம் சரியாகட்டும், குழந்தே. ஆபீஸ்லேருந்து இன்னும் எத்தனை தடவை கேட்டாலும் நான் அதையேதான் சொல்லுவேன்."