முன்பெட்டியில் ஒரு பித்தளை விளக்கு

ஐந்து பவுண்டு பத்து ஷில்லிங். வாடகைப் படகுக்கு மேவிஸின் அப்பா கட்டிய முன்பணத்தை அந்தப் படகுத்துறை திருப்பித் தராமல் வைத்துக்கொண்டது.

அறுபத்திரண்டு வருஷமாக அந்தத் தொகை அவள் நெஞ்சுக்குள் கிடந்து கொதித்தது. வாங்காமல் திரும்புவதில்லை என்றுதான் லெஸ்டரிலிருந்து இரண்டு ரயில் மாறி நார்ஃபோக் வந்திருந்தாள்.

துறையில் திருவிழாக் கூட்டம். பழைய வாடகைப் படகுகளுக்கு வார்னிஷ் அடித்து, கொடி கட்டி, ஆற்றோரம் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். சின்ன வயதில் அப்பா அம்மாவோடு கோடைக்கு ஒரு வாரம் அதில் கிடந்தவர்கள், இப்போது நரைத்த தலையோடு வந்து மரத்தைத் தடவித் தடவிக் கண்கலங்கினார்கள்.

"அதெல்லாம் ஒரு காலங்க!" என்றார் ஒரு தொப்பிக்காரர்.

என்ன பெரிய காலம்? மழை பெய்தால் கூரை ஒழுகும். இருக்கிற ஒரே அடுப்பில் ஆறு பேருக்கு உருளைக்கிழங்கு வேகவைத்து அம்மாவுக்கு இடுப்பு ஒடியும். இந்த வார்னிஷை அன்றைக்கு ஷில்லிங் கூலிக்குத் தேய்த்தவன் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

மேவிஸ் இப்படி ஒவ்வொன்றாகக் கடிந்துகொண்டே நடந்தாள். 'சில்வர் டீல்' கண்ணில் பட்டதும் நின்றுவிட்டாள்.

அதே படகு. அதே பச்சைக் கோடு.

சாயப்பட்டறையில் ஊறி நீலம் பாய்ந்த விரல்களால் அப்பா அதன் சுக்கான் சக்கரத்தைப் பிடித்திருப்பார். வருஷத்தில் அந்த ஒரு வாரம்தான் அவர் சிரிப்பார். எவ்வளவு உயரமான பாலம் வந்தாலும், "தலை! தலை!" என்று கத்தி எல்லாரையும் குனிய வைப்பார்.

அவள் கையும் தானாகப் போய் அந்தப் பச்சைக் கோட்டைத் தடவியது. தடவியதற்காகவே அவளுக்கு மேலும் கோபம் வந்தது.

துறையின் இப்போதைய முதலாளி ராபின் நோட்டுப் புத்தகத்தோடு வந்தான். பழைய முதலாளியின் பேரன்.

"அம்மா, இந்தப் படகுல வந்திருக்கீங்களா? நல்ல ஞாபகம் ஒண்ணு சொல்லுங்களேன், எழுதிக்கறேன்."

"நல்லா எழுதிக்க தம்பி. உங்க தாத்தா எங்கப்பாவைத் திருடன்னு சொன்னாரு."

தொப்பிக்காரர் நைசாக நகர்ந்தார். ராபின் எழுதினான்.

அவள் கொட்டித் தீர்த்தாள். அந்த ஆகஸ்டு சனிக்கிழமை, காலை ஒன்பது மணி. இவர்கள் இறங்க, அடுத்த வாரத்துக்காரர்கள் பெட்டியும் கையுமாகத் துறையில் காத்து நின்றார்கள். ராபினின் தாத்தா சாமான் பட்டியலைப் பிடித்துக்கொண்டு கரண்டி, போர்வை, வாளி என்று எண்ணிக்கொண்டே வந்தார். படகு முனையில் சாமான் வைக்கும் முன்பெட்டியில் இருக்க வேண்டிய பித்தளை விளக்கு இல்லை.

"விளக்கு பிடிச்சிருந்தா கேட்டிருக்கலாமேய்யா, விலைக்கே குடுத்திருப்பேனே!" என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி.

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா காது சிவக்க நின்றார். முன்பணத்தைத் திருப்பிக் கேட்காமலே மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் படகே ஏறவில்லை. அடுத்த கோடை விடுமுறை முழுக்க அப்பா சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார்.

"எங்கப்பா திருடன் இல்ல," என்றாள். "இப்பவே எனக்கு அந்தப் பணம் வேணும்."

ராபின் சண்டைக்கு வருவான் என்று நினைத்திருந்தாள். அவன் இன்றைய கணக்குக்குப் பையிலிருந்து நூறு பவுண்டை எடுத்து நீட்டினான்.

"எங்க தாத்தா வாய் அப்படித்தாம்மா. எங்களையே விட்டதில்ல. இந்தாங்க."

அவள் கை நீண்டது.

"ஒண்ணு மட்டும் புரியலம்மா," என்றான், சாதாரணமாகத்தான். "ஏறும்போதே பட்டியலைக் குடுப்பாங்களே. ஒவ்வொண்ணா பாத்து டிக் போட்டாத்தானே சாவி? விளக்கு முதல்லயே இல்லேன்னா உங்கப்பா அப்பவே சொல்லியிருப்பாரே?"

"எங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியாது."

"அப்ப யாரு படிச்சாங்க?"

மேவிஸின் கை அந்தரத்தில் நின்றது.

அந்த வாரம் படகேறிய அன்று, துறைக்காரர்களுக்குத் தெரியாமல் அப்பா பட்டியலை அவளிடம் நழுவவிட்டார். "எல்லாம் இருக்கான்னு பாரு கண்ணு," என்றார் வாய்க்குள்ளேயே.

அண்ணன் அதற்குள் கூரைமேல் ஏறிவிட்டான். முன்னால் உட்கார ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அவன் அதைப் பிடிப்பதற்குள் ஓட வேண்டும் என்று அவள் மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் டிக் போட்டாள். முன்பெட்டியைத் திறக்கக்கூட இல்லை.

"எல்லாம் இருக்குப்பா."

அவர் பட்டியலின் அடியில் தன் பெயரை மட்டும் படம் வரைவது போல வரைந்து கொடுத்தார்.

சனிக்கிழமை அத்தனை பேர் சிரித்தபோது அவர் ஒருதரம்கூட அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் எல்லாரும் அவளைப் பார்த்திருப்பார்கள்.

அந்தக் குளிர்காலம், நாற்பத்தொரு வயதில், வேலை முடிந்து வந்து எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினார். சாகும்வரை அவளிடம் ஒரு கடிதத்தைக்கூடப் படிக்கச் சொல்லவில்லை.

மேவிஸ் அந்தப் பவுண்டு நோட்டுகளை வாங்கி அவன் சட்டைப் பையிலேயே திணித்தாள்.

"பணம் வேணாம். அந்தக் கடன் இதோட முடிஞ்சுது."

"அப்ப நான் எழுதினதை அடிச்சிடவாம்மா?"

"அடிக்காத!" அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துப் படகில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "திருடன்னு சொன்னது சொன்னதுதான், இருக்கட்டும். அதுக்குக் கீழ எழுது. டிக் போட்டது மக மேவிஸ். வயசு பத்து. நல்லாப் படிக்கத் தெரியும்."