நாலாம் வரிசை எலிகள்

பழனியம்மாளுக்கு மெமோ எழுதியாகிவிட்டது. கையெழுத்துதான் பாக்கி. ‘கவனக்குறைவுக்காக வேலையிலிருந்து நீக்கப்படுகிறீர்கள்.’

எலிகளுக்குத் தீனி போடுவது அவள் வேலை. புள்ளியியல் விரிவுரையாளர் சூசைமாணிக்கத்தின் டாக்டர் பட்டமே அந்த எலிகள் கையில்தான் இருந்தது. வரிசைக்கு ஐம்பதாக நாலு வரிசை. நூலுக்குப் போடும் ஒரு சிவப்புச் சாயத்தை எண்பத்திரண்டு, எண்பத்துமூன்று என்று ரெண்டு வருஷம் தீனியில் கலந்து கொடுத்தாயிற்று. முதல் வரிசைக்குச் சாயமே கிடையாது. நாலாவதுக்கு ஆக அதிகம். சாயம் ஏற ஏறப் புற்றுக்கட்டியும் ஏற வேண்டும்.

ரெண்டு, ஏழு, பதிமூன்று என்று ஏறிய கணக்கு, நாலாம் வரிசையில் வெறும் நாலு என்று குப்புற விழுந்தது.

“எலியைக் கூண்டு மாத்திப் போட்டியா?”

“எங்க வீட்டுக்காரரு சின்னாளப்பட்டில அந்தச் சாயத்துலதான் சார் தெனமும் கைய முக்குறாரு. நான் மாத்துவனா?”

“அப்ப அதிகமாத் தின்ன எலிக்கு ஏன் கட்டி வரல?”

“மத்த கூண்டுல ரெண்டாம் வருசம்தானே சார் கட்டி வந்துச்சு? இதுகள்ல அஞ்சாறு போக மிச்சம் அம்புட்டும் அதுக்கு முன்னாடியே செத்துப் போச்சே.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

கூண்டுகளுக்குப் பின்னால் கூட்டிப் போனாள். வரிசைக்கு ஒரு கம்பி. கம்பி நிறைய, கிழித்த காலண்டர் தாள்கள். அன்றன்றைக்குச் செத்த எலிக்கு ஒவ்வொரு கோடு.

“என்னைக்குச் செத்துச்சுன்னு கேப்பீங்கன்னு எடுத்து வச்சேன். நீங்க கேக்கவே இல்ல.”

அவர் தயாரித்த படிவத்தில் ரெண்டே கட்டம்: கட்டி உண்டு, இல்லை. ஆயுளைப் பார்க்காமல் சதவீதம் போடாதே என்று வருஷா வருஷம் பிள்ளைகளை வறுத்தெடுக்கிற மகானுக்கு, சாவுத் தேதிக்கு ஒரு கட்டம் போடத் தோன்றவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

கோடுகளை எண்ணினார். நாலாம் வரிசையில் நாற்பத்துநாலு எலி முதல் வருஷமே போயிருந்தது. மிஞ்சியது ஆறே ஆறு. அந்த ஆறில் நாலுக்குக் கட்டி! கணக்கு எழுந்து நின்றுவிட்டது.

மெமோவைக் கிழித்துப் போட்டார். என்ன பெருந்தன்மை!

மதுரையில் வாய்மொழித் தேர்வு. “சாவுத் தேதியைச் சேர்க்கணும்னு எப்படித் தோணுச்சு?” என்று வியந்து கேட்டார் தேர்வாளர்.

“எல்லாம் அனுபவம்தான் சார்” என்று நெளிந்தார் சூசைமாணிக்கம்.

டாக்டராகத் திண்டுக்கல் பஸ்ஸில் உட்கார்ந்து, ஆய்வேட்டின் நன்றியுரையைப் பெருமையாகப் புரட்டினார். மனைவி, பங்குச் சாமியார், டைப் அடித்தவர், எல்லாரும் இருந்தார்கள். உயிரைக் கொடுத்த எலிகளுக்குக்கூட ஒரு வரி இருந்தது. பழனியம்மாளைத்தான் காணோம்.

அந்த மெமோவைக் கிழித்திருக்க வேண்டாம். பெயரை மட்டும் மாற்றியிருந்தால் போதும்.