ஏகாம்பரம் உருட்டிய வயது

செவ்வாய்க் கப்பலில் வேலை வேண்டுமென்றால் பகடை உருட்டி ஒரு கதாபாத்திரத்தை உருவாக்க வேண்டும். அதன் வயதும் அனுபவமும் சட்டப்படி உங்களுடையவை. வயது பதினெட்டில் தொடங்கும்; சேர்க்கிற ஒவ்வொரு தொழிலுக்கும் நான்கு கூடும்.

ஓய்வுபெற்ற ஏகாம்பரத்துக்குக் கேப்டன் நாற்காலிமேல் கண். சிப்பாய், டாக்டர், விண்வெளிக் கொள்ளைக்காரன் என்று தொழில்மேல் தொழிலாக உருட்டித் தள்ளினார்.

"போதுங்க, நிறுத்துங்க!" என்றாள் மனைவி வேதவல்லி. அவள் இருபத்திரண்டு வயதுச் சமையல்காரியாக எப்போதோ நிறுத்தியிருந்தாள்.

"இன்னும் ஒரே ஒரு தொழில்டி!"

நூற்றுப்பதினான்கு வயதில்தான் வந்து நின்றார்.

"ஐயா, உங்க அனுபவத்துக்கு இந்தக் கப்பலே சின்னது. ஆனா எழுபதைத் தாண்டினா வேலை கிடையாது," என்றான் அதிகாரி. "அம்மா மட்டும் ஏறுங்க."

வேதவல்லி புருஷனைப் பார்த்தாள்.

"வீட்டுப் பெரியவங்களைக் கூட்டிட்டு வரலாமில்ல தம்பி? என் கொள்ளுத்தாத்தான்னு போட்டுக்குங்க."

வயதுக்குத் தகுந்தாற்போல, ஏகாம்பரம் காது கேட்காதவராக நின்றார்.